நரையும் வருத்தமும்

புறநானூற்றின் 191ஆம் பாடலை முதுகலை வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் முகத்தில் மெல்லிய சிரிப்பு படரும். ஆண்டுகள் பலவாகியும் நரைக்காமல் இருப்பது எப்படி என்ற கேள்விக்குப் பிசிராந்தையார் எண்ணெயையோ மூலிகையையோ சொல்லவில்லை. மாண்புள்ள மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் எண்ணப்படி நடக்கும் ஏவலர், அல்லவை செய்யாத வேந்தன், அடக்கமுள்ள சான்றோர் பலர் வாழும் ஊர் என்று காரணங்களை அடுக்குகிறார். இருபது வயதில் இது புலவரின் மிகைக்கூற்றாகவே தோன்றும். நாற்பதைக் கடந்த பிறகு, உடலைப் பற்றிய ஒரு செய்தியாகவும் இதைப் படிக்கிறேன்.

என் வயதொத்த நண்பர்களுடன் பேச்சு எங்கே தொடங்கினாலும் களைப்பில்தான் வந்து முடிகிறது. தூக்கம் கலைகிறது, எதிலும் நாட்டமில்லை, தாம்பத்தியமும் ஒரு கடமைபோல் ஆகிவிட்டது. எல்லாவற்றையும் "வயசாயிடுச்சு சார்" என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுகிறார்கள். விடைத்தாள் திருத்தும் வாரங்களிலும், தர மதிப்பீட்டுக் குழு வருமுன் கோப்புகளை அடுக்கும் இரவுகளிலும் நானும் இந்தக் களைப்பை அறிந்திருக்கிறேன். ஆனால் பழியெல்லாம் வயதுக்கு மட்டும் உரியதுதானா?

ஆண்களின் முதன்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டீரோன் பெரும்பாலும் விரைகளில் உண்டாகிறது. அதற்கான ஆணை மூளையின் ஹைப்போதலாமஸில் புறப்பட்டு, பிட்யூட்டரி சுரப்பி வழியாக வந்து சேர்கிறது. நெருக்கடி நேர்ந்தால் அதே ஹைப்போதலாமஸ் வேறோர் ஆணையையும் விடுக்கிறது. சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசாலைப் பொழிகின்றன. ஆபத்திலுள்ள உடல் முதலில் உயிர்பிழைக்கப் பார்க்கிறது, இனப்பெருக்கத்தைத் தள்ளிவைக்கிறது. புலி துரத்துவது சில நிமிடங்களில் முடிந்துவிடும். அலுவலக நெருக்கடியோ மாதக்கணக்கில் நீடிக்கிறது.

1972இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்க ராணுவத்தின் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் இருந்த இளைஞர்களின் குருதியை அளந்து பார்த்தது. பயிற்சியின் கடுமையான தொடக்க நாட்களில் டெஸ்டோஸ்டீரோன் தாழ்ந்திருந்தது. நெருக்கடி தளர்ந்த பின்னாட்களில் மீண்டும் உயர்ந்தது. 2011இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடல்நலமுள்ள பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே உறங்கவைத்தனர். பகல்நேர அளவு 10 முதல் 15 சதவீதம் வரை சரிந்தது. மூப்பினால் வரும் சரிவு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம்தான் என்பதை இதனருகே வைத்துப் பாருங்கள். பத்தாண்டு மூப்பின் வேலையை ஒரு வாரத் தூக்கக்குறைவு செய்துவிடுகிறது.

"வாலிப வயோதிக அன்பர்களே" என்று விளித்த லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரங்கள் நமக்குப் பழக்கமானவை. இன்று அதே குரல் கைப்பேசியில் ஒலிக்கிறது. ஆனால் ஐரோப்பாவின் எட்டு மையங்களில் 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆண்களை ஆராய்ந்து 2010இல் வெளியான முடிவு வேறு. சுரப்புக் குறைவும் அதற்குரிய பாலியல் அறிகுறிகளும் ஒருங்கே அமைந்தவர்கள் 2.1 சதவீதத்தினரே. எஞ்சியோரின் களைப்புக்குப் பின்னால் தூக்கமின்மை, உடற்பருமன், நீரிழிவு, மனச்சோர்வு என்று பல இருக்கலாம். சந்தேகமிருந்தால் மருத்துவர் காலை வேளையில், ஒருமுறைக்கு இருமுறை குருதியைச் சோதித்துத்தான் முடிவுசெய்வார்.

அந்த மருத்துவரிடம் போகத்தான் நம்மவர்களுக்குத் தயக்கம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இளிவரலுக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. உழைத்துத் தளர்வதையும் வருத்தம் என்பது பழந்தமிழ் வழக்கு. மூப்பையும் வருத்தத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தினாலும் இலக்கணம் இரண்டையும் தனித்தனியே எண்ணியிருக்கிறது. நாமோ இரண்டையும் ஒன்றாக்கி, வாய்திறக்கக் கூசுகிறோம். கணவனின் அந்த மௌனத்தை மனைவி வெறுப்பென்று எடுத்துக்கொள்கிறாள். வீட்டுக்குள் இன்னொரு நெருக்கடி முளைக்கிறது. உடல் அதற்கும் கார்ட்டிசாலைச் சுரக்கிறது.

மூப்பைத் திருப்பி அனுப்ப முடியாது. வருத்தத்தில் ஒரு பகுதியையாவது இறக்கிவைக்கலாம். "வயசாயிடுச்சு" என்று சொல்லும் நண்பரிடம் இப்போதெல்லாம் நான் ஒன்றுதான் கேட்கிறேன்: நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?