உப்புக்காற்றில் ஒரு ஜாயின்ட்

மரக்காணம் உப்பளங்களில் பாத்தி நீரைச் சுண்டவைக்கிற கடல்காற்று, கரையோரத்து வண்டிகளின் ஒயரிங்கையும் விட்டுவைப்பதில்லை. காருக்கு டிஆர்எல் எனப்படும் பகல்விளக்கு மாட்டும் வேலையைப் பார்க்க, கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துத் தகரக்கூரைக் கடை ஒன்றில் போய் உட்கார்ந்தேன்.

வந்திருந்தது ஒரு பழைய ஸ்விஃப்ட். எலக்ட்ரீசியனும் உதவிக்கு இருந்த பையனும் பம்பரைக் கழற்றினார்கள். விளக்கை இடம் பார்த்து உட்கார வைத்ததும் ஒயர் வேலை தொடங்கியது.

“பேட்டரியிலேர்ந்து நேரா குடுத்துட்டா என்ன அண்ணே?” என்றேன்.

“ராத்திரி பூரா எரியும் சார். காலையில வண்டியைத் தள்ளிக்கிட்டுத்தான் போவணும்.”

அதனால் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயரை டெஸ்ட் லைட்டால் தேடிப் பிடித்து, ஃபியூஸ் வைத்து, ரிலே வழியாக விளக்குக்குக் கொண்டுபோனார். ரிலேயின் காயிலுக்குப் பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து ஓர் இணைப்பு. ஹெட்லைட்டைப் போட்டதும் பார்க்கிங் லைட்டும் எரிய, ரிலே இழுத்து, பகல்விளக்கை அணைத்துவிடும். அணையாவிட்டால் இரவில் எதிரே வருபவருக்குக் கண் கூசும்.

எர்த் கொடுப்பதற்குத்தான் அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பாடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, அடியில் இருந்த பெயின்ட்டை எமரித் தாளால் தேய்த்தார். தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகே வளைய டெர்மினலை வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் பூசினார். பையன் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டிச் சுருக்கினான்.

வேறொரு வண்டியிலிருந்து வெட்டிய ஒயரை எலக்ட்ரீசியன் என்னிடம் நீட்டினார். முறுக்கி டேப் மட்டும் சுற்றிய ஜாயின்ட். டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. உறையைச் சீவச் சீவ உள்ளேயும் பச்சை ஓடியிருந்தது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதிலுள்ள குளோரைடு செம்பை அரிக்கும். மின்தடை ஏறி விளக்கு மங்கும், மினுக்கும். “லைட் போச்சும்பாங்க. போனது ஜாயின்ட்டு சார்.” மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை ஓயும்; இவருக்கு அப்போதுதான் வேலை குவியும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரி முதல் புதிய கார் மாடல்களுக்குப் பகல்விளக்கைக் கட்டாயமாக்கியது. ஐ.நா. விதிப்படி அது வெள்ளையாக, 400 முதல் 1,200 கேண்டெலா வரை ஒளிர வேண்டும். தரையிலிருந்து 25 முதல் 150 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும். பாதையைக் காட்டுவதற்கல்ல, வண்டி வருவதை மற்றவருக்குக் காட்டுவதற்கே அது. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு முகப்பு விளக்கு எப்போதும் எரிய வேண்டுமென்று விதி வந்தது அதே நோக்கில்தான். முன்பக்கம் சிவப்பும் நீலமும் கேட்டு வரும் இளைஞர்களை இந்த எலக்ட்ரீசியன் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

பகல்விளக்கு மாட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாரண்டி இருக்கிற வண்டி என்றால் முதலில் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். வெளியே மாட்டுவதென்றால் வெளிச்சத்தைப் பார்த்து மயங்காமல், எர்த் எங்கே, ஃபியூஸ் உண்டா, ஹெட்லைட் போட்டால் அணையுமா என்று கேளுங்கள். பம்பரை மூடுவதற்கு முன்பே உங்களைக் கூப்பிட்டு ஜாயின்ட்டைக் காட்டுகிறவரிடம் வண்டியை நம்பி விடலாம்.