முன்பாரம் பின்பாரம்

எங்க லேப்புக்குன்னு ஒரு பழைய ட்ராவல் ட்ரெய்லர் இருக்கு மக்களே. சக்கரம் வெச்ச சின்ன வீடு. அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளயே உண்டு, எஞ்சின் மட்டும் கிடையாது. கோடை வந்தா அதை ஒரு பிக்கப் ட்ரக்குக்குப் பின்னாடி மாட்டி, நெப்ராஸ்காவுல இருந்து வயோமிங் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போயி, அதுலயே தங்கி மண் சாம்பிள் எடுக்கிறதுதான் பொழப்பு. பி.எச்டி.ன்னா வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு மைக்ராஸ்கோப் பாக்குறதுன்னு ஊர்ல நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அப்படியே இருக்கட்டும் :-)

இந்த வருஷம் ட்ரெய்லரை மாட்டினதும் ட்ரக்கோட பின்பக்கம் அமுங்கி, மூக்கு மேல தூக்கிக்கிட்டு நின்னுச்சு. இதுக்கு இங்க 'ஸ்குவாட்'னு பேரு. நம்ம பாஷையில சொன்னா வண்டி குத்தவெச்சு உக்காந்துருச்சு. பாக்க சிரிப்பா இருக்கும். ஆனா நாங்க போக வேண்டியது ஐ-80ல. லாரமியைத் தாண்டி எல்க் மலைப் பக்கம் அடிக்கிற காத்துல பெரிய லாரிங்களே சாய்ஞ்சு கிடக்கும். காத்து ரொம்ப ஏறினா, எடை கம்மியான உயரமான வண்டிங்களுக்கு மட்டும் ரோட்டை மூடிருவாங்க. ட்ரெய்லரை இழுத்துட்டுப் போற நாங்க அந்த ஜாதி. வண்டிக்குள்ள மூணு பேரு.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னாங்க. கூடப் படிக்கிற டெக்சாஸ்காரன், "ட்ரெய்லருக்குள்ள முன்னாடி இருக்கிற சாமானை எல்லாம் பின்னாடி தள்ளிரு, தானா நிமிர்ந்துரும்"னான். எங்க கைடு அதுக்குள்ள ஏர் பேக் கிட் ஒண்ணு ஆர்டரே பண்ணிட்டாரு. பின் ஆக்ஸில் ஸ்பிரிங் பக்கத்துல ரெண்டு ரப்பர் பலூனை வெச்சு காத்தடிச்சா பின்பக்கம் தூக்கிரும்.

ரெண்டுமே வண்டியை நிமித்தும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா வண்டி நிமிர்ந்து நிக்கிறதும் எடை சரியான இடத்துல இருக்கிறதும் வேற வேற விஷயம். இதை அவங்க ரெண்டு பேருக்கும் புரிய வெக்கிறதுக்குள்ள ஒரு வாரம் போச்சு.

முதல்ல டெக்சாஸ்காரன் வைத்தியம். ட்ரெய்லரோட மூக்கு ட்ரக்கோட ஹிட்ச் மேல அழுத்துற எடைக்கு 'டங் வெயிட்'னு பேரு. ட்ரெய்லரோட மொத்த எடையில 10லேர்ந்து 15 சதவீதம் வரைக்கும் இருக்கணும். பாரத்தைப் பின்னாடி தள்ளினா இது குறையும், ட்ரக்கும் நிமிரும். ஆனா ஒரு காத்து வந்து பக்கவாட்டுல தட்டினா ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் பெருசாகி, கடைசியில ட்ரக்கையும் சேத்து இழுத்துக் கவுத்துரும். ஓடுற ட்ரெட்மில் மேல பொம்மைக் காரும் ட்ரெய்லரும் வெச்சு இதைக் காட்டுற வீடியோ ஒண்ணு இருக்கு. பாரம் முன்னாடி இருந்தா, தட்டிவிட்டாலும் தானா நேராயிடும். பின்னாடி மாத்தி வெச்சுத் தட்டினா அவ்வளவுதான். அதைப் போட்டுக் காட்டின பிறகுதான் பய வாயை மூடினான். நம்மூர்ல மாட்டு வண்டி ஓட்டினவங்களுக்கு இதுக்கு வீடியோவே தேவையில்ல. பின்பாரம் ஏறினா நுகத்தடி மாட்டுக் கழுத்தை விட்டு மேல தூக்கும், உடனே "முன்னால தள்ளி உக்காருங்க"ன்னு குரல் வரும்.

அடுத்தது ஏர் பேக். இதுக்கு ஒரு சின்னக் கணக்கு போடணும். முதல்ல டங் வெயிட் எவ்வளவுன்னு தெரியணுமே, அதுக்கு ஜூனியர் பொண்ணோட குளியலறை எடை மெஷினைக் கடன் வாங்கினோம். நேரா மெஷின் மேல ட்ரெய்லரை வெச்சா அது செத்துரும். ஒரு கட்டையை எடுத்து, ஒரு முனைக்குச் செங்கல், 4 அடி தள்ளி இன்னொரு முனைக்கு மெஷின். ட்ரெய்லரோட மூக்கை செங்கல்ல இருந்து 1 அடி தூரத்துல கட்டை மேல இறக்கினா, மெஷின்ல காட்டுறதை நாலால பெருக்கினா போதும். காட்டினது 195. அப்ப 780 பவுண்டு. லாரிங்க நிக்கிற ட்ரக் ஸ்டாப்புல எடை மேடை இருக்கு, அங்க ட்ரெய்லர் 6,000 வந்துச்சு. 13 சதவீதம், நல்ல கணக்கு. அதனால ட்ரெய்லருக்குள்ள எதையும் நகத்த வேண்டிய அவசியம் இல்ல.

இந்த 780 பவுண்டு உக்கார்றது பின் ஆக்ஸிலுக்கு 5 அடி பின்னாடி. ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவுல 12 அடி. சீசா பலகைதான். 780ஐ 5ஆல பெருக்கி 12ஆல வகுத்தா 325. அதாவது முன் சக்கரத்துல இருந்து 325 பவுண்டு கழண்டு பின்னாடி போயிருது. பின் ஆக்ஸில் மேல 1,105 கூடுது. ஸ்டீயரிங் திருப்புறது முன் சக்கரம், பிரேக் பிடிக்கும்போது முக்கால்வாசி வேலை பாக்குறதும் அதுதான். அதுமேலதான் எடை இல்ல. ஹெட்லைட் வேற எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும்.

ஏர் பேக் பின்பக்கத்தை உயர்த்தும், ஹெட்லைட் கீழ இறங்கும். ஆனா கழண்டு போன அந்த 325 பவுண்டு திரும்பி முன்னாடி வராது. சீசாவோட நடுக்கட்டை அதே இடத்துலதானே இருக்கு! பாரம் ட்ரக் தொட்டியிலயே இருந்தா ஏர் பேக் நல்ல சாமான்தான், நான் குறை சொல்லலை. எங்க சிக்கல் அது இல்ல.

எங்க சிக்கலுக்கு மருந்து வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச். ஹிட்ச்சுல இருந்து ட்ரெய்லர் சட்டத்துக்கு ரெண்டு உறுதியான ஸ்பிரிங் கம்பி போகும், சங்கிலியால இழுத்து மாட்டணும். அந்த இழுப்பு, பாரத்துல ஒரு பங்கை ட்ரக்கோட முன் ஆக்ஸிலுக்கும் இன்னொரு பங்கை ட்ரெய்லரோட ஆக்ஸிலுக்கும் தள்ளும். எங்க வொர்க் ஷாப்ல இருக்கிற பெரியவர் ஸ்டோர் ரூம்ல இருந்து பழசு ஒண்ணை எடுத்துக் குடுத்தாரு. ஹிட்ச் ரிசீவர்ல ஒட்டியிருக்கிற சீட்டையும் படிக்கச் சொன்னாரு. இந்தக் கம்பி இல்லாம எங்க ரிசீவர் தாங்கக்கூடியது வெறும் 500 பவுண்டாம். அது ஒண்ணே போதும், ஏர் பேக் வாதம் முடிஞ்சது. கைடு ஒண்ணும் பேசலை, கையெழுத்து போட்டுட்டுப் போயிட்டாரு.

சண்டை அதுக்கப்புறம்தான் வந்துச்சு. டிரைவர் கதவைத் திறந்தா உள்பக்கம் ஒரு மஞ்சள் சீட்டு இருக்கும், ஆளும் சாமானும் சேத்து எவ்வளவு ஏத்தலாம்னு. எங்களோடது 1,480. ஆளுங்க 510, தொட்டியில ஜெனரேட்டரும் மண் துளைக்கிற மெஷினும் 260, டங் வெயிட் 780, ஹிட்ச் 90. மொத்தம் 1,640. ஏர் பேக் வெச்சாலும் சரி, புது ஸ்பிரிங் போட்டாலும் சரி, அந்தச் சீட்டுல இருக்கிற நம்பர் மாறாது. அந்த 260 பவுண்டு டெக்சாஸ்காரனோட தீசிஸ்ல ஒரு அத்தியாயம். அது இல்லாம அவனுக்கு ஆழத்துல சாம்பிள் கிடைக்காது. "160 பவுண்டுதானே, என்ன ஆயிடப் போகுது"ன்னு ரெண்டு நாள் என்கூடப் பேசலை. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா வண்டி ஓட்டப் போறது நான், பின் சீட்டுல உக்காரப் போறது முதல் வருஷம் படிக்கிற ஒரு பொண்ணு. கடைசியில வேற ஒரு லேப்காரங்க பத்து நாள் கழிச்சு வேன்ல வர்றாங்கன்னு தெரிஞ்சு, கெஞ்சி அதுல ஏத்திவிட்டோம். பத்து நாள் அவன் என் சாம்பிளுக்குக் குழி வெட்டினான், ஒவ்வொரு குழிக்கும் ஒரு முறை முறைச்சான்.

மாட்டுற முறை சுலபம். சமதளத்துல நிறுத்தி, முன் சக்கரத்துக்கு மேல இருக்கிற வளைவு தரையில இருந்து எவ்வளவு உயரம்னு டேப் வெச்சு அளக்கணும். ட்ரெய்லர் இல்லாம 36 அங்குலம். மாட்டினதும் 37. கம்பியை இழுத்துக் கட்டின பிறகு 36½. ஏறின உயரத்துல பாதியாவது இறங்கணும்னு எங்க ட்ரக்கோட கையேடு சொல்லுது. இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்களோடதைப் பாத்துக்குங்க. ஆர்வக்கோளாறுல இன்னும் ரெண்டு கண்ணி இறுக்கி 36க்கும் கீழ கொண்டுபோகக் கூடாது, அப்ப பின் சக்கரம் லேசாகி வளைவுல வழுக்கும். சங்கிலியை வெறுங்கையால இழுத்து மல்லுக்கட்டவும் வேண்டாம். ட்ரெய்லர் ஜாக்கைச் சுத்தி ட்ரக்கோட பின்பக்கத்தையும் சேத்துத் தூக்கினா லகுவா மாட்டிக்கும். ட்ரெய்லரும் தரைக்கு இணையா நிக்குதான்னு ஒரு நோட்டம் விட்டுக்குங்க, மூக்கு மேல தூக்கியிருந்தா நல்லதில்ல.

லாரமி வந்தப்ப மின்பலகை எங்க ஜாதி வண்டிக்கு ரோடு மூடல்னு காட்டுச்சு. ஒதுங்கி, ட்ரெய்லருக்குள்ளயே சாம்பார் வெச்சுச் சாப்பிட்டுப் படுத்தோம். விடிகாலை காத்து அடங்கினதும் கிளம்பினோம். எல்க் மலைகிட்ட ஒரு பெரிய லாரி முந்திக்கிட்டுப் போனப்ப ட்ரெய்லர் ஒருதரம் அசைஞ்சு, தானா நேராச்சு. டெக்சாஸ்காரன் கண்ணாடியில அதைப் பாத்துட்டு, ரெண்டு நாளைக்கு அப்புறம் முதல் தடவையா வாயைத் திறந்து காபி வேணுமான்னு கேட்டான்.

ஏர் பேக் கிட்டைத் திருப்பி அனுப்பியாச்சு. ஜூனியர் பொண்ணோட எடை மெஷின் மட்டும் அன்னைலேர்ந்து எல்லாருக்கும் நாலு பவுண்டு கூடக் காட்டுதாம், புதுசு வாங்கித் தரணும்.