உதயகிரிக் கோட்டையின் கைதிகள்

நாகர்கோவிலிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குக் காரில் செல்வோர் உதயகிரிக் கோட்டையைக் கடந்தே செல்கின்றனர். இறங்கிப் பார்ப்போர் சிலரே. பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி வழியே திருவனந்தபுரம் சாலையில் ஏறத்தாழ 14 கி.மீ. சென்றால் புலியூர்க்குறிச்சி. தக்கலை வந்துவிட்டதென்றால் கோட்டையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்!

இன்று இது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. பிள்ளைகள் மரநிழலைக் கண்டதும் விளையாடத்தான் ஓடுவர். பெற்றோர் அவர்களை முதலில் இடிந்த தேவாலயத்திற்கு அழைத்துச் செல்லட்டும்.

1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரரை வென்றது. சிறைப்பட்ட டி லன்னாய், தம்மை வென்ற மன்னரிடமே பணியேற்றுத் திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்தார். இக்கோட்டையும் அவரது மேற்பார்வையில் புதுப்பிக்கப்பட்டது. 1777இல் மறைந்த அவரது கல்லறை இத்தேவாலயத்தினுள் உள்ளது. அதில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன.

பின்னர், திப்பு சுல்தானுடன் போர் நடந்த காலத்திலும் இங்கே கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். ஒரு கைதி தளபதியானார். அவருக்குக் கல்லறையும் கல்லெழுத்தும் கிடைத்தன. மற்றவர்கள் யார், எவ்வூரார், எங்கே அடங்கினர் என்று நம் பிள்ளைகள் கேட்டால் காட்டுவதற்கு ஒரு கல்லும் என் கண்ணில் படவில்லை. அவர்களுக்காகவும் சற்று நின்று வரலாம்.

ளுஹர் நேரம் நெருங்கினால் கவலை வேண்டாம். ஞானி பீர் முஹம்மது அப்பா அடங்கியிருக்கும் தக்கலை, காரில் சில நிமிடத் தொலைவுதான்.