ஆறு வாரக் கட்டு

தோவாளை. பூச்சந்தைக்கு டெம்போக்கள் வந்துகொண்டிருக்கின்றன. பின்தெரு வீட்டில் ஆச்சி பாயில் மல்லாந்து கிடக்கிறார். இடது கண்ணின் மேல் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடி. அதன் பிளாஸ்திரியைப் பேத்தி மெல்லப் பிய்க்கிறாள்.

ஜன்னல் திட்டில் மூன்று சொட்டு மருந்துப் புட்டிகள். காலை, மாலைக்கு உரியதில் பேனாவால் ஒரு கோடு. ராத்திரிக்கு இரண்டு. ஸ்டீராய்டுக்குக் கோடில்லை, குலுக்க வேண்டியது அது. அழற்சியைத் தணிப்பது அதுதான். சிலருக்குக் கண்ணழுத்தத்தை ஏற்றுவதும் அதுதான்.

ஒரு சொட்டு. ஆச்சி கண்ணை மூடி மூக்கோரத்தை விரலால் அழுத்துகிறார். அடுத்த சொட்டுக்கு ஐந்து நிமிடம். மற்றக் கை பாயோரம் வாழைநாரைத் தேடுகிறது. பேத்தி நாரை எடுத்து அலமாரி மேல் வைக்கிறாள்.

பிறகு கண்ணழுத்தம் குறைய டயமாக்ஸ் மாத்திரை. பின்னாலேயே ஒரு மட்டிப்பழம். மாத்திரை போட்டால் விரல் நுனி மரமரக்கிறது. ஆச்சி விரல்களைத் தேய்த்துப் பார்க்கிறார். மாணிக்கமாலைக்கு அரளி மடித்த விரல்கள்.

மேலிமைக்கு அடியில், வெள்ளைவிழியின் மேல், கண்ணழுத்தத்தைக் குறைக்க ஆபரேஷனில் வைத்த 350 சதுர மில்லிமீட்டர் சிலிக்கோன் தகடு. மதுரை ஆரோலேப் தயாரிப்பு. 2013 முதல் வருகிறது. தகட்டிலிருந்து ஒரு குழாய் கண்ணுக்குள் போகிறது. வால்வு கிடையாது. திறந்து விட்டால் கண்ணின் நீர் மளமளவென்று வடிந்துவிடும். தகட்டைச் சுற்றிச் சவ்வு வளரும்வரை குழாயை நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். நூல் கரைய ஐந்தாறு வாரம்.

"தானா அவுருத கட்டா மக்களே?" ஆபரேஷனுக்கு முன்பே ஆச்சி கேட்டுவிட்டார். நம்பிய மாதிரி இல்லை.

நாலாம் வாரம். திருநெல்வேலிப் பேருந்து முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டுகிறது. கறுப்புக் கண்ணாடியோடு ஆச்சி ஜன்னலோரம்.

அரவிந்த் கண் மருத்துவமனை. பெஞ்ச். ஒருவர் எழுந்தால் எல்லோரும் ஓர் இடம் நகர்கிறார்கள். மரத்துப்போக ஒரு சொட்டு. மஞ்சள் சாயம். தாங்கியில் மோவாய், பட்டையில் நெற்றி. நீல ஒளி நெருங்குகிறது. ஆச்சி மூச்சை அடக்குகிறார்.

"மூச்சு விடுங்க ஆச்சி. புடிச்சா பிரஷர் கூடும்."

மறுபடி. 28. இயல்பு 10 முதல் 21. சொட்டுகள் தொடரும். மாத்திரையும் மட்டிப்பழமும் தொடரும்.

ஏழாம் வாரம். அதே பெஞ்ச், அதே நீலம். 13.

டாக்டர் சீட்டில் மாத்திரையை அடிக்கிறார். ராத்திரிச் சொட்டின் மேல் பேனா ஒரு கணம் நிற்கிறது. அடிக்காமல் நகர்கிறது.

"பழைய பார்வை வருமா?"

"போனது வராது ஆச்சி. இருக்கறதக் காப்பாத்தத்தான் இது."

ஆச்சி அடுத்த கேள்விக்குப் போகிறார். "பூக் கட்டலாமா?"

"குனியாமக் கட்டுவீங்களா?"

ஆச்சி இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்குகிறார். பூவில்லை, நாரில்லை. விரல்கள் சுற்றுகின்றன, இழுக்கின்றன, முடிச்சை இறுக்குகின்றன. டாக்டர் முழுக் கண்ணியையும் பார்த்துவிட்டு எழுதுகிறார்: ஒரு மாதம் கழித்து.

கதவருகே அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். பேத்தி தோளைத் தொடுகிறாள். ஆச்சி எழுந்திருக்கவில்லை. தலைக்குக் குளிப்பது பற்றி இன்னும் கேட்கவில்லை.