வரியும் டீக்கடையும்

சென்னையில 1998-க்கு அப்புறம் சொத்துவரியை 2018-ல ஏத்தி, 2019-ல நிறுத்தி வச்சாங்க. கடைசியில 2022-லதான் நிஜமாவே ஏறிச்சு. பழைய மாநகராட்சிப் பகுதியில 600 சதுர அடிக்குள்ள இருக்கிற வீட்டுக்கு 50 சதவீதம், கடைக்கு 150.

எங்க தெருமுனை டீக்கடை அண்ணன் வாடகைக்காரர். வரி ஓனருக்கு, ஆனா ஏறினது அண்ணனோட வாடகை. "பேசாம தள்ளுவண்டி போட்டுடலாமா தம்பி?"ன்னார். அதுக்கும் 2014 சட்டப்படி சான்றிதழ் வேணும். அந்தச் சட்டத்துல ஒரு நல்லது, விற்பனைக் குழுவுல 40 சதவீதமாவது வியாபாரிகளே இருக்கணும். வரி போடுற மன்றத்துல வாடகைக்காரருக்குன்னு ஒரு நாற்காலியும் கிடையாது.

வரியே வேணாம்னு சொல்லலீங்க. ரோடுக்கும் சாக்கடைக்கும் காசு வேணுமே! வருஷா வருஷம் கொஞ்சமா ஏத்தியிருந்தா அண்ணனும் டீ விலையில அம்பது பைசாவா சரிக்கட்டியிருப்பார். தள்ளிப் போட்டவங்களுக்கு ஓட்டு மிச்சம். அண்ணனுக்கு பாய்லர் மட்டும்தான் மிச்சம்.