புயலை அல்ல, மழையைக் கேட்போம்



2019 ஏப்ரல் இறுதியில் வங்கக் கடலில் ஃபானி புயல் உருவானபோது, சென்னையில் பலர் அதனை அச்சத்தைவிட ஆவலுடனே எதிர்பார்த்தனர். முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றிக்கொண்டிருந்தன. ரமழான் நெருங்கிய வேளையில் உளூச் செய்யும் நீரையும் அளந்து செலவிட வேண்டியிருந்தது. வட தமிழகக் கரையைப் புயல் நெருங்கக்கூடும் என்ற முதல் அறிவிப்பு நற்செய்தியாகவே ஒலித்தது.

"ஹஜ்ரத், புயல் இங்கேயே வரணும்னு துஆ கேட்கலாமா?" என்று மதரஸா மாணவர் ஒருவர் வினவினார். அருகில் இருந்த மாணவர் தலைகுனிந்தார். அவருடைய பாட்டியின் ஊர் அதிராம்பட்டினம். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் அக்குடும்பத்தின் தென்னைகள் சாய்ந்திருந்தன.

மழை வேண்டுவது சுன்னத். ஜுமுஆ குத்பாவின்போது ஒருவர் வறட்சியை முறையிட, நபி (ஸல்) அவர்கள் கையேந்தினார்கள்; மழை அடுத்த ஜுமுஆ வரை நீடித்தது. வீடுகள் இடிவதாக அப்போது முறையிடப்பட்டது. மழையே வேண்டாம் என அவர்கள் கேட்கவில்லை. குடியிருப்புகளைத் தவிர்த்து, சுற்றியுள்ள குன்றுகளிலும் ஓடைகளிலும் மரங்கள் முளைக்கும் இடங்களிலும் பொழியுமாறு வேண்டினார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது.

கருமேகத்தைக் கண்டால் நபியவர்களின் முகம் மாறிவிடும் என ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆது கூட்டத்தார் மழைமேகம் என்று மகிழ்ந்தது, வேதனையைச் சுமந்த காற்றாக அல்லவா இருந்தது!

"தம்பி, புயலைக் கேட்க வேண்டாம், பயன் தரும் மழையைக் கேளுங்கள். அது வரும் வழியை ரப்பிடம் விட்டுவிடுங்கள்" என்றேன்.

ஃபானி திசைமாறி, மே 3 அன்று ஒடிசாவின் பூரி அருகே கரையைக் கடந்தது. 10 லட்சத்திற்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தும், 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இங்கே பலர் "மழை கைநழுவிப் போயிற்றே" என வருந்தினர். நாம் இழந்ததாகக் கருதிய அந்த மழையோடு வந்த காற்று, அங்கே ஏழைகளின் கூரைகளைப் பெயர்த்தது. அன்று மாணவர்களுடன் பூரி மக்களுக்காகவே கையேந்தினோம்.

சென்னையின் தாகம் தொடர்ந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. வானம் தாமதித்தபோது, மற்றோர் ஊரின் நீரை அல்லாஹ் நமக்கு ரிஸ்காக்கினான்.

இனியொரு புயல் அறிவிப்பு வரும்போது, நம் ஏரிகளுக்காகக் கேட்போம். அதே துஆவில் கடலில் இருக்கும் மீனவர்களையும், புயல் கரையேறும் ஊர் எதுவாயினும் அதன் மக்களையும் சேர்த்துக்கொள்வோம். ஆமீன்.