எப்படி ஆரம்பிச்சது, தம்பி?

சிங்கப்பூரின் தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கைத் திறந்தால், வேலையிட விடுதிகளிலிருந்து வரும் தம்பிகள் பலர் ஒரே பேச்சோடு உட்காருவார்கள்: “தலைவலிதான் டாக்டர், மாத்திரை மட்டும் கொடுங்க.” நெற்றியில் கோடாலித் தைலம் மணக்கும். பனடோல் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எழுதிவிடுவேனோ என்ற பயமும் முகத்தில் தெரியும்.

வலி எவ்வளவு என்று நான் முதலில் கேட்பதில்லை. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தவரும் ‘மண்டை பிளக்குது’ என்பார். மூளையருகே இரத்தம் கசிபவர் ‘லேசாத்தான்’ என்று சொல்லக்கூடும். “எப்படி ஆரம்பிச்சது? முன்னாடி இதே மாதிரி வந்திருக்கா?” இந்த இரண்டும்தான் என் கேள்விகள்.

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்ட வலி என்றால் மூளையைச் சுற்றி இரத்தக்கசிவு இருக்கலாம். சிடி ஸ்கேன் அதை முதல் 6 மணி நேரத்தில்தான் மிகத் தெளிவாகக் காட்டும். மாத்திரை கொடுத்து விடுதிக்கு அனுப்பினால் அந்த நேரம் போய்விடும். தான் டோக் செங் மருத்துவமனையின் அவசரப் பிரிவோ இங்கிருந்து சிறிது தூரம்தான்.

சாரக்கம்பியில் தலை இடித்ததைப் பலர் கேட்டால்தான் சொல்வார்கள். மண்டையோட்டுக்குள் மெல்லக் கசியும் இரத்தம் சில வாரம் கழித்தும் தலைவலியாக வெளிப்படும். முதியவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

காய்ச்சலோடு வந்தால் கழுத்தை மடக்கிப் பார்ப்பேன். விறைப்பு இருந்தால் மூளைக்காய்ச்சல் சந்தேகம். கண்ணுக்குப் பின்னால் வலி என்றால் இந்த ஊரில் டெங்கியை நினைத்தாக வேண்டும். அது இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் ஆகாது, பாரசிட்டமால் போதும். அதையும் மாதத்தில் 15 நாளோ மேலோ விழுங்கிக்கொண்டே இருந்தால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

பெரும்பாலான தலைவலிகளில் ஆபத்தில்லை. இந்தத் தொழிலின் சிரமமே அதுதான். ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிப் பழகிய வாய், ஏதோ இருக்கும் நாளிலும் அதையே சொல்லிவிடும்.

50 வயதுக்குமேல் புதிதாகத் தலைவலி வந்தாலோ, கர்ப்பிணிக்குக் கடுமையாக வலித்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று தாக்கிய கடும் வலி, வாய்க்கோணல், பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி, வலிப்பு, நினைவுக் குழப்பம் இவற்றில் எதுவானாலும் தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், 995-ஐ அழையுங்கள். எம்சியைப் பற்றி முதலாளியிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.